மருதமரத்துப் பழைய பொந்துகள்

ஏரிக்கரையில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நின்றது. அதில் இலை இல்லை, நிழல் இல்லை. ஆனால் பதினேழு பொந்துகள் இருந்தன. பதினேழையும் கொத்தியது ஒரே மரங்கொத்தி.

அந்த மரங்கொத்திக்குத் தன் தொழிலில் கர்வம் அதிகம். கர்வப்பட நியாயமும் இருந்தது. அது வெட்டும் வாசலின் வட்டம் நூல் பிசகாது. "ஆசாரியாரே!" என்று யாராவது கூப்பிட்டால் போதும், உடனே அலகைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

ஏரிக்கரைப் பறவைகளிடம் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. ஒரு வருஷம் குடியிருந்த பொந்தில் மறு வருஷம் கால் வைக்காது.

"பழைய பொந்தா? சீச்சீ! பேன் இருக்கும்! நாத்தம் அடிக்கும்!" என்று முகத்தைச் சுளிக்கும். நேராக மரங்கொத்தியிடம் போய் நிற்கும். அதுவும் மறுக்காமல் புதிதாகக் கொத்திக் கொடுக்கும். அந்தப் பக்கம் வேறு பட்ட மரமே கிடையாது. அதனால் எல்லாப் பொந்தும் அந்த ஒரு மரத்தில்தான்.

இதைப் பார்த்து அணிலுக்கும் மைனாவுக்கும் குளவிக்கும் மனசு கேட்கவில்லை. மூன்றும் சேர்ந்து பழைய பொந்துச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தன. சங்கம் என்றால் கொடி, மேடை எல்லாம் கிடையாது. வாரத்தில் ஒரு காலை மூன்றும் கூடும். ஒரு பழைய பொந்தை எடுத்துக்கொள்ளும். மைனா உள்ளே கிடக்கும் குப்பையை இழுத்து வெளியே போட்டுவிட்டு, பேன் அண்டாமல் வேப்பிலை பரப்பும். குளவி ஈரமண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து விரிசலைப் பூசும். அணில் தேங்காய் நாரால் மெத்தை போடும். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

முதலில் குடிவந்தது ஆந்தை. மூன்று குஞ்சுகளோடு வந்தது. "வெதுவெதுன்னு இருக்கே!" என்று சொல்லி அன்றே தூங்கிப் போனது.

மற்றவை கேலி செய்தன. "ஒட்டுப்போடுற சங்கம் வருது, வழி விடுங்க!" என்று கத்தின. மரங்கொத்திதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது.

"நான் இருக்கிற ஊர்ல பழசுக்கு மண் பூச ஒரு கூட்டமா!"

அணில் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் நார் பொறுக்கப் போனது. எனக்கு அந்த அணிலை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு நாள் காலையில் கிளி பறந்து வந்தது.

"ஆசாரியாரே! இன்னும் நாலு நாள்ல நான் முட்டை வைக்கணும். அதோ, கிளை பிரியற இடத்துக்குக் கீழே ஒரு புதுப் பொந்து போட்டுக் குடுங்க! ஏரி முழுசும் தெரியும்!"

"அதுக்கென்ன! ரெண்டே நாள்ல முடிச்சுடறேன்!" என்றது மரங்கொத்தி.

இதைக் கேட்ட அணில் தலைகீழாக இறங்கி ஓடிவந்தது.

"அண்ணே, வேண்டாம்! அங்கே கொத்தினா மரமே விழுந்துடும்!"

"மரத்தைப் பத்தி எனக்கே பாடம் சொல்றியா? முப்பது வருஷமா நிக்கிற மரம் இது!"

"சரிண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க கொத்தின பொந்துக்குள்ள எப்பவாவது திரும்பப் போய்ப் பார்த்திருக்கீங்களா?"

கொத்தி முடித்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுவதுதான் மரங்கொத்தியின் பழக்கம். ஒரு பொந்துக்குள்ளும் அது மறுபடி நுழைந்ததில்லை.

"ஒரே ஒரு தடவை வாங்க. பார்த்த பிறகும் கொத்தணும்னு தோணினா, நானே பட்டையை உரிச்சுத் தர்றேன்!" என்றது அணில்.

கிளி கேட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு காலிப் பொந்து இருந்தது. இரண்டும் அதற்குள் நுழைந்தன. உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் வெளிச்சமாக இருந்தது. பின்பக்கச் சுவரில் நீளமாக ஒரு கீறல். அதன் வழியே அடுத்த பொந்தின் வாசல் தெரிந்தது. நடுவில் இருந்த மரம் அப்பளக் கனம்தான். தரையில் பழைய மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. மரங்கொத்தி காலை வைத்ததும் மக்கிய மரம் பொதுக்கென்று உள்ளே போனது. மேலே ஆந்தைக் குஞ்சுகள் கத்துவது காதுக்குள் கத்துவதுபோலக் கேட்டது.

"இன்னும் ஒரு பொந்து போட்டா, மேல் மரம் அந்தக் குஞ்சுகளோட கீழே வந்துடும்ணே" என்றது அணில்.

மரங்கொத்தி வெளியே வந்து ஆந்தையின் பொந்தை எட்டிப் பார்த்தது. உள்ளே காய்ந்து சுத்தமாக இருந்தது. வேப்பிலை மணம் வந்தது. வாசல் விரிசலில் மட்டும் மண் பூசியிருந்தது.

"என் வட்டத்தை நீங்க மாத்தவே இல்லையே!"

"அதை எதுக்கு மாத்தணும்? அவ்வளவு அழகா வேற யாருக்கு வெட்ட வரும்?" என்றது அங்கே மண் உருட்டிக்கொண்டிருந்த குளவி.

தான் சிரித்த சிரிப்பை நினைத்து மரங்கொத்தி வெட்கப்பட்டது. கிளியிடம் போய், "புதுசு கிடையாதும்மா" என்றது.

"அப்போ என் முட்டையை நான் எங்கே வைப்பேன்?" என்று கிளி அழுதது.

"நாலு நாள் இருக்கே! நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றது பக்கத்தில் இருந்த மைனா.

சங்கம் சீர்செய்த பொந்துகளில் எல்லாம் அதற்குள் குடி வந்துவிட்டது; மற்ற எதுவும் குடியிருக்கிற நிலையில் இல்லை. இருப்பதில் சுமாரானது கீழிருந்து மூன்றாம் பொந்து. சங்கம் அதில் இறங்கியது. மைனா குப்பையை இழுத்துப் போட்டது. குளவி பூசியது. அணில் நார் பரப்பியது. மறுநாள் ஒரு தூறல்தான் விழுந்தது. மெத்தை முழுக்க நனைந்து போனது. வேறு நார் போட்டன. அதுவும் ஊறியது. இதற்குள் மூன்று நாள் போய்விட்டது.

"தண்ணி போகவே வழியில்லையே! நாளைக்கு முட்டை வைக்கணுமே!" என்று மைனா தலையில் கைவைக்காத குறையாக உட்கார்ந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மரங்கொத்தி!

அது பொந்தின் அடிப்பக்கமாகப் போய்த் தொற்றிக்கொண்டது. காதை வைத்துக் கேட்டது. அலகைச் சாய்த்து டொக், டொக், டொக் என்று கொத்தியது. நெல்மணி அளவுக்கு ஒரு துளை விழுந்தது. தேங்கியிருந்த தண்ணீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி ஓடியது.

"ஆசாரியாரே, வட்டம் சரியா வந்திருக்கா?" என்று மைனா கேட்டது.

எல்லாம் சிரித்தன. மரங்கொத்தியும் சிரித்தது. அன்றே ஒவ்வொரு பழைய பொந்துக்கும் ஒரு துளை போட்டது. கிளி மறுநாள் காலையில் மூன்றாம் பொந்தில் முதல் முட்டையை வைத்தது.

கிளிக்குஞ்சுகளுக்கு இறகு முளைத்த சமயம், கோடை மழை பெரும் காற்றோடு வந்தது. மருதமரம் கிறீச்சிட்டது, ஆடியது. உச்சிக்குச்சிகள் நாலைந்து முறிந்து விழுந்தன. ஆனால் மரம் நின்றது! பதினெட்டாம் பொந்து மட்டும் இருந்திருந்தால் நின்றிருக்காது. விடிந்ததும் பொந்துக்கு ஒரு தலையாக வெளியே எட்டிப் பார்த்தன. ஒரு குஞ்சுகூட நனையவில்லை.

குஞ்சுகள் பறக்கக் கற்றதும் கிளி புறப்பட்டது. புறப்படுமுன் தன் குப்பையைத் தானே இழுத்து வெளியே போட்டது. பச்சை வேப்பிலை நாலைப் பரப்பியது.

"ஆசாரியாரே! பொந்தைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். அடுத்து வர்றவங்களுக்குச் சொல்லுங்க!" என்று கூவிவிட்டுப் பறந்தது.

அதன் பிறகும் புதுப் பொந்து கேட்டுப் பறவைகள் வரத்தான் செய்தன. மரங்கொத்தி அலகைத் தீட்டுவதில்லை. "முதல்ல உள்ளே வந்து பாருங்க!" என்று பழைய பொந்துக்கு அழைத்துப் போகும்.

இருப்பதைக் கூடிச் சீர்செய்து, அடுத்து வருகிறவருக்கும் விட்டுவைக்கிறவர்களால்தான் ஊர் விழாமல் நிற்கிறது.