நான்கு பானை ஓட்டு

பூமரநாடு என்றொரு தேசம் இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பேரரசனுக்குக் கப்பம் கட்டிக் கட்டிக் களைத்த நாடு அது. ஒருவழியாக விடுதலை கிடைத்ததும் மன்னர் தீரவழுதிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன அம்பலவாணர் சொன்ன யோசனைக்குத் தலையை ஆட்டிவிட்டார். யோசனை இதுதான்: இனி நாட்டை ஆளும் முதல் மந்திரியை மக்களே தேர்ந்தெடுக்கட்டும்.

ஓலையில் எழுதிப் போடலாமென்றால் எழுதத் தெரிந்தவர்கள் சொற்பம். ஆகவே அவரவர் சீமையில் விளைவதைக் கொஞ்சம் கொண்டுவந்து, பிடித்தவர் பானையில் போட்டால் ஓட்டு என்று அம்பலவாணர் ஏற்பாடு செய்தார். ஆற்றுச் சீமைக்கு வைத்திலிங்கம் நின்றார். கடற்கரைக்குச் சிங்காரம், மலைக்கு மாதன், கரிசல் காட்டுக்குப் பேச்சியம்மாள்.

ஓட்டு முடிந்து பானைகளைத் திறந்தார்கள். வைத்திலிங்கம் பானையில் அரிசி, அரிசியைத் தவிர வேறில்லை. சிங்காரத்துக்கு வெறும் உப்பு. மாதனுக்கு வெறும் மிளகு. பேச்சியம்மாளுக்கு வெறும் பாசிப்பருப்பு. ஒருத்தராவது அடுத்த சீமைக்காரருக்குப் போட்டிருக்க வேண்டுமே! கிடையாது.

"என் பானைதான் பெரிசா நிரம்பியிருக்கு. நான்தான் மந்திரி" என்று மீசையை முறுக்கினார் வைத்திலிங்கம்.

"அப்படின்னா எங்க மலை தனி நாடு" என்று எழுந்தார் மாதன்.

"கடலும் தனி" என்றார் சிங்காரம்.

தளபதி மழவராயர் மன்னர் காதருகே குனிந்தார். "இந்த ஜனங்களுக்கு ஓட்டு எதற்கு, அரசே? தேர்தலைக் குப்பையில் போடுங்கள். ஆட்சி உங்களிடமே இருக்கட்டும்."

மன்னர் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி வந்து போனது. அதை அம்பலவாணர் பார்த்துவிட்டார். கப்பம் கட்டிய காலத்தில் பேரரசன் ஆளைக் கண்டு நடுங்கிய ஜனங்கள், நேற்றுத்தான் முதல்முறையாகத் தலைநிமிர்ந்து பானைமுன் நின்றார்கள். அது ஒரே நாள் கூத்தாகப் போய்விடுமா?

"அம்பலவாணரே, யோசனை உம்முடையது" என்றார் மன்னர். "நான்கு சீமையும் ஒப்புக்கொள்ளும் ஒரு ஆளைக் காட்டும். முடியாவிட்டால் தேர்தலும் கிடையாது, உமக்குச் சபையில் இடமும் கிடையாது."

"ஆகட்டும் அரசே. முதலில் வேட்பாளர்கள் சாப்பிடட்டும். பாவம், கத்திக் கத்திப் பசியோடு இருக்கிறார்கள்."

இலை போட்டார்கள். அவரவர் பானையில் விழுந்ததை அவரவருக்கே பரிமாறச் சொன்னார் அம்பலவாணர். சிங்காரம் இலையில் உப்பு மலைபோல் குவிந்தது.

"இதை எப்படிய்யா திங்கிறது?"

"உங்கள் ஜனங்கள் ஆசையாகப் போட்டது. மிச்சம் வைக்கக் கூடாது."

மாதன் ஒரு மிளகைக் கடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். வைத்திலிங்கம் மட்டும் வெறுஞ்சோற்றை ஜம்பமாகப் பிசைந்தார். நாலைந்து வாய்க்குமேல் இறங்கவில்லை. பக்கத்து இலைப்பக்கம் மெல்லக் கையை நீட்டினார்.

சிங்காரம் இலையைக் கையால் மூடிக்கொண்டார். "உப்பு வேணுமோ? கடற்கரைக்காரன் மேல மீன் நாத்தம்னு மேடையேறிப் பேசினியே, இப்ப நாறலையா?"

சபை கொல்லென்று சிரித்தது. அம்பலவாணர் எழுந்தார். "அரசே, மறுபடி ஓட்டு வைப்போம். இந்தமுறை பானைகளை அப்படியே அடுப்பில் ஏற்றுவோம். எந்தப் பானைச் சாப்பாடு உங்கள் தொண்டையில் இறங்குகிறதோ, அந்தப் பானைக்காரர் முதல் மந்திரி." நால்வரும் சம்மதித்தார்கள்.

அதற்குப் பிறகு நாட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! சிங்காரம் சொந்தக் குப்பத்தில் தெருத்தெருவாகக் கும்பிட்டுக்கொண்டு போனார். "ஐயா சாமி, எனக்கு மட்டும் ஓட்டுப் போட்டுராதீங்க!" வைத்திலிங்கமோ, மலைக்காரர்களை முட்டாள்கள் என்று ஏசிய வாயாலேயே, வீட்டை விட்டு நகராமல், "மிளகை அனுப்பி வையுங்கள்" என்று ஆள்விட்டார். பேச்சியம்மாள் மட்டும் சீமை சீமையாக நடந்தாள். மழையையே கெஞ்சிக் கூப்பிடும் கரிசல்காட்டுக்காரி, மனிதர்களிடம் கேட்க வெட்கப்படுவாளா?

"எங்க ஊர்ல பருப்பு மட்டுந்தான் தாயி. நீங்க பாத்துப் போட்டாத்தான் உண்டு."

ஓட்டு நாளில் மலைக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். கொண்டுவந்த மிளகையெல்லாம் வைத்திலிங்கம் பானையிலேயே கொட்டினார்கள். பழிதீர்த்த ஜோரில் தங்கள் ஆளுக்கு ஒரு மிளகுகூட மிச்சம் வைக்கவில்லை. தன் பானை காலியாகக் கிடப்பதைப் பார்த்த மாதன், கடுப்பில் தன் கைமிளகைப் பேச்சியம்மாள் பானையில் போட்டுவிட்டுப் போனார். கடற்கரையில் முக்கால்வாசிப் பேர் பாசம் தாங்காமல் சிங்காரத்துக்கே உப்பைக் கொட்டினார்கள். அவர் பேச்சை மதித்த சிலர் மட்டும் பேச்சியம்மாளுக்குப் போட்டார்கள். கரிசல்காட்டுக்காரர்கள் பருப்பைத் தங்கள் பேச்சியம்மாளுக்கே போட்டார்கள். கடைசியாக வந்த ஆற்றுச் சீமைக்காரர்கள் தங்கள் ஆள் பானையை எட்டிப் பார்த்தார்கள், தும்மினார்கள். தேடி வந்து கேட்ட பேச்சியம்மாள் பானையில் அரிசியைப் போட்டார்கள்.

பானைகள் வெந்து இறங்கின. வைத்திலிங்கம் பானையில் ஒரு வாய் எடுத்த மன்னர் இருமி இருமிச் சிவந்தார். சிங்காரம் பானைக்கு முகம் சுளித்தார். மாதன் பானையில் சுரண்டினாலும் ஒன்றுமில்லை. பேச்சியம்மாள் பானையில் கைவைத்தார். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"அடடே, வெண்பொங்கல்!" என்றார் மன்னர். மழவராயர் எங்கோ பார்த்தார்.

மன்னர் கை சட்டென்று நின்றது. "ஆனாலும் என்னவோ குறைகிறதே. தேர்தல் செல்லாது என்று சொல்லிவிடலாமா?"

"குறைவது நெய், அரசே."

"அதை ஏன் எந்தச் சீமையும் போடவில்லை?"

"அவர்களிடம் ஏது நெய்? நாட்டு நெய்யெல்லாம் வரியாக உங்கள் அரண்மனைக்கல்லவா வந்துவிடுகிறது" என்று பணிவாகக் கும்பிட்டார் அம்பலவாணர். "ஜனங்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டாகிவிட்டது. இன்னும் போடாதவர் நீங்கள் ஒருவர்தான்."

மன்னர் ஒரு நொடி முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நெய்ச்சாடியைக் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே பானையில் ஊற்றினார். கூடவே இடுப்பிலிருந்த கஜானாச் சாவியையும் அவிழ்த்துப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தார்.