தூங்குமூஞ்சி மரம் இலை கூப்பிய மாலை

மரங்களுக்கு வாயும் பறவைகளுக்கு வார்த்தையும் இருந்த அந்தக் காலத்தில், தெற்கே கொன்றையூர் என்று ஒரு நகரம் இருந்தது. நகரத்துக்கு வெளியே, ஆற்றைத் தாண்டியதும், அரசன் ஊராருக்காக ஒரு பூங்காவனம் போட்டிருந்தான். மான் மேயும் புல்வெளி, தாமரைத் தடாகம், மயில்கள் ஏறி நிற்கும் பாறை, குன்றிலிருந்து சலசலத்து இறங்கும் சிற்றருவி, ஆள் நுழைந்தால் தலையில் பூ உதிரும் மல்லிகைப் பந்தல் என்று அங்கே பார்க்கப் பார்க்க அலுக்காது. வண்டி கட்டிக்கொண்டு அயலூர்களிலிருந்தும் சனங்கள் வருவார்கள்.

ஆனால் வந்தவர்கள் எல்லோரும் முதலில் தேடிப் போனது ஒரு மரத்தைத்தான். பூங்காவனத்தின் நட்டநடுவில் அது நின்றது. கிளைகள் நாலா பக்கமும் விரிந்து, நுனிகள் தரையைத் தொடும்படி தாழ்ந்திருந்தன. இரவானாலும் மழையானாலும் அதன் இலைகள் விரித்தது விரித்தபடியே இருக்கும். ஒரு கதிர், ஒரு துளி கீழே இறங்காது. அரசனே அதற்குக் குடைவேந்தன் என்று பெயர் வைத்திருந்தான். அதனடியில் நின்று அண்ணாந்து பார்த்து, இலைகளுக்கு நடுவே வானம் தெரிகிற ஒரு பொத்தலைக் காட்டுகிறவர்களுக்கு ஒரு கூடை மாம்பழம் என்றும் சொல்லியிருந்தான். அந்த மாம்பழத்தை யாரும் வாங்கியதில்லை. அதில் மரத்துக்கும் பெருமை.

அந்த நகரத்துத் தச்சர் தெருவில் அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அண்ணன் பெண்சாதி ஆவுடையாள். தம்பி பெண்சாதி கோமு. ஆவுடையாளுக்குப் பிள்ளையில்லை. கோமுவின் மகள் வடிவு ஆவுடையாள் இடுப்பில்தான் வளர்ந்தாள். கோமுவுக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். ஒரே அடுப்பில் சமைக்கிற இரண்டு பெண்களுக்குள் இருக்கிற உரசல்கள் அவர்களுக்குள்ளும் இருந்தன.

சித்திரைப் பௌர்ணமி வந்தது. அன்றைக்குப் பூங்காவனத்தில் நிலாச்சோறு சாப்பிடுவது ஊர் வழக்கம். பொழுது சாய்வதற்கு முன்பே ஆவுடையாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"நான் சித்திரான்னம் கிண்டி எடுத்துக்கிட்டு நிலா ஏறையில வந்துருதேன். கூட்டத்துல பிள்ளை கையை விட்டுராதீங்க அக்கா" என்றாள் கோமு.

"ஏன், எனக்குப் பிள்ளையைப் பாக்கத் தெரியாதா?" என்றாள் ஆவுடையாள்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"பின்ன எப்படிச் சொன்னே?"

கோமு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆவுடையாள் விடுவிடென்று நடந்தாள். போகிற வழியெல்லாம் அந்தச் சொல் அவளைக் குத்திக்கொண்டே வந்தது. பிள்ளை பெறாதவள் என்றுதானே கோமுவுக்கு இளக்காரம் என்று நினைத்து, வடிவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மானைக் காட்டினாள். மயிலைக் காட்டினாள். அருவியில் குழந்தையின் கால் நனைத்தாள். கடைசியில் குடைவேந்தனின் அடிக்கு வந்தார்கள். பகலிலேயே அங்கே அந்தி மாதிரி இருக்கும். வெயிலும் மழையும் படாத அந்த மண்ணில் ஒரு புல்கூட முளைத்ததில்லை. கூட்டமாகச் சனங்கள் அண்ணாந்து நின்றார்கள். ஆவுடையாளும் அண்ணாந்தாள். ஒரு மூலையில் வெளிச்சமாக ஏதோ மினுங்கியது. பொத்தல்தானோ! கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, ஓரெட்டு நகர்ந்து பார்த்தாள். இன்னும் ஓரெட்டு. பார்த்தால் அது ஒரு கொக்கின் வெள்ளை இறகு.

அவள் தலையைத் தாழ்த்தியபோது பக்கத்தில் வடிவு இல்லை.

"வடிவு!" என்றாள். கூட்டத்துக்குள் புகுந்து தேடினாள். பந்தலுக்கு ஓடினாள். தடாகத்துக்கு ஓடி, தண்ணீரை எட்டிப் பார்த்தாள். தாமரை இலைகள் அசையாமல் கிடந்தன. சிற்றருவிக்கு ஓடினாள், மயில் பாறையைச் சுற்றினாள். பொழுது இறங்கிவிட்டது. மரத்தடியில் நின்ற கூட்டம் பூங்காவனத்தை ஒட்டிய ஆற்றுமணலில் சோறு சாப்பிடப் போய்விட்டது.

புல்வெளியில் ஒரு பெண்மான் அவளை நிறுத்தியது. "சிவப்புப் பாவாடை கட்டின குழந்தையா? ஒரு முயல் பின்னாலே ஓடினதைப் பாத்தேன். மரத்துப் பக்கம்தான் போச்சு."

ஆவுடையாள் திரும்பி ஓடினாள். அதற்குள் கிழக்கே நிலா மேலேறிவிட்டது. பூங்காவனம் முழுக்கப் பால் கொட்டினாற்போல் வெளிச்சம். குடைவேந்தனின் அடியில் மட்டும் மையைக் கரைத்து ஊற்றியது போல இருட்டு. நீட்டிய கை தெரியவில்லை.

"வடிவு!" என்று கிளைகளுக்கு வெளியே நின்று கத்தினாள்.

"பெரியம்மா!" என்று உள்ளேயிருந்து அழுகைக் குரல் வந்தது.

போன உயிர் திரும்பியது ஆவுடையாளுக்கு. மறுபடி கூப்பிட வாய் திறந்தாள். அந்த நேரம் படபடவென்று ஒரு பறவை இருட்டுக்குள்ளிருந்து வந்து அவள் முகத்தில் மோதாத குறையாக இறங்கியது. மரத்தடியில் தரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி அது.

"கூப்பிடாதே, கூப்பிடாதே! உனக்கும் குழந்தைக்கும் நடுவிலே கிணறு இருக்கு!"

ஆவுடையாளுக்கு நினைவு வந்தது. மரத்தடியில், செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கிற பழைய கிணறு. அதற்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வாய் தரையோடு தரையாக இருக்கும்.

"நில்லுன்னு சொல்லட்டுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சின்னக் குழந்தை. உன் குரல் கேட்டாலே ஓடி வரும். நேரே ஓடி வந்தால் உள்ளேதான் விழும்."

"நான் சுத்திப் போயிருதேன். நீ வழி காட்டு."

"விளிம்பு எங்கே இருக்குன்னு இந்த இருட்டில் எனக்கே தெரியலையே. குருட்டாம்போக்கில் பறந்து வந்தேன்."

"பெரியம்மா, எங்க இருக்கீங்க?" என்றது உள்ளேயிருந்து குரல்.

ஆவுடையாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பதில் சொல்லத் துடித்த நாக்கைப் பல்லால் கடித்தாள். பெற்றவளாக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்க முடியுமா? அவள் நின்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு 'சலங்' என்று ஒரு கொலுசுச் சத்தம். குழந்தை ஓர் அடி எடுத்து வைத்திருந்தது.

ஆவுடையாள் தாழ்ந்திருந்த கிளையொன்றை இரண்டு கையாலும் பற்றினாள். "மரமே, உன் இலையைக் கொஞ்சம் ஒதுக்கு. நிலா வெளிச்சம் விழட்டும்" என்று கிசுகிசுத்தாள்.

"அம்மா, நான் இலை விரித்த நாளிலிருந்து மூடியதில்லை. மூடவும் எனக்குத் தெரியாது" என்றது குடைவேந்தன். "இலை சுருங்கினால் வாடிப்போன மரம் என்பார்கள். கதிர் நுழையாத மரம் என்றுதானே என்னைப் பார்க்க வருகிறார்கள்? அந்தப் பெயர் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?"

'சலங்' என்றது கொலுசு.

"நானும் உன்னைப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள் ஆவுடையாள். "உன் இலையை வாய்பிளந்து பாத்துக்கிட்டு நின்னப்பதான் பிள்ளை கையை விட்டேன். தப்பு என்னோடதுதான். உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா இப்ப அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் நடுவுல இருக்கிற இருட்டு உன்னோடது."

ஒரு காற்று வந்து போனது.

"என்னுடையதா?" என்றது மரம் மெதுவாக. "நான் நிழல் தருகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்."

"பகல்ல அது நிழல்தான், சாமி. ராத்திரியில அது இருட்டு."

மூன்றாவது முறை கொலுசு சத்தமிட்டது. அந்தச் சத்தம் மரத்தின் வேர் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அடிமரத்திலிருந்து நுனிவரை ஒரு நடுக்கம் ஓடியது. ஆவுடையாள் பற்றியிருந்த கிளையில், ஒரு காம்பின் இருபுறமும் இருந்த இரண்டு சின்ன இலைகள் அசைந்தன. பழக்கமில்லாத வேலை. திணறித் திணறி, கும்பிடுகிற கைகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அடுத்த ஜோடி. அதற்கடுத்த ஜோடி. பிறகு ஒரு கிளை முழுக்க, மறு கிளை முழுக்க. மரம் மொத்தமும் கைகூப்பியது போலாயிற்று.

முதலில் ஒரு வெள்ளிக்காசு அளவு வெளிச்சம் மண்ணில் விழுந்தது. பிறகு ஒரு தாம்பாளம் அளவு. பிறகு, அந்த மண் பிறந்ததிலிருந்து பார்த்திராத நிலா, தரை முழுவதும் இறங்கியது.

கிணற்றின் வாய் தெரிந்தது. அதன் மறு விளிம்பில், ஒரு காலைத் தூக்கியபடி வடிவு நின்றிருந்தாள்.

திடீரென்று வந்த வெளிச்சத்தைப் பார்த்துக் குழந்தை அண்ணாந்தது. தூக்கிய கால் இருந்த இடத்திலேயே இறங்கியது. "நிலா!" என்று கையை நீட்டியது. ஆவுடையாள் மூச்சுவிடாமல், கிணற்றைச் சுற்றி ஓசைப்படாமல் ஓடி, பின்பக்கமாக வந்து அவளை அள்ளித் தூக்கினாள். நாலு எட்டு விலகி வந்த பிறகுதான் மண்ணில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள். "முயலு ஓடிப்போச்சு பெரியம்மா" என்று குழந்தை முறையிட்டது. "போகட்டும் கண்ணு, போகட்டும்" என்று சொல்லிச் சொல்லி அதன் உச்சியை முகர்ந்தாள்.

புல்வெளிப் பக்கமிருந்து தலையில் சோற்றுப் பானையோடு கோமு ஓடி வந்தாள். மான் அவளுக்கும் சொல்லியிருந்தது. வந்தவள் கிணற்றைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பானையை இறக்கி வைத்தாள். ஆவுடையாள் தலையை நிமிர்த்தவில்லை.

"கையை விட்டுட்டேன் கோமு. நீ சொன்ன மாதிரியே விட்டுட்டேன். உன் வாயில வந்ததை எல்லாம் கேட்டுரு. கேக்கலைன்னா எனக்குத் தாங்காது."

கோமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தையை வாங்க நீட்டிய கை, பாதியில் ஆவுடையாளின் கையின்மேல் நின்றது.

"போன ஆடியில நான் ஆத்துல துணி துவைக்கையில இவ முழங்காத்தண்ணி வரைக்கும் போயிட்டா அக்கா. யாருக்கும் சொல்லலை. உங்களுக்குத் தெரிஞ்சா ஏசுவீங்கன்னு பயந்து."

ஆவுடையாள் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. எது எது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று புரியாமல் வடிவு, "பசிக்கு" என்றாள். அங்கேயே, அந்த வெளிச்சத்திலேயே, இலை போட்டுச் சாப்பிட்டார்கள். ஆள்காட்டிக் குருவிக்கும் ஒரு பிடி வைத்தார்கள்.

விடிந்ததும் மரம் பழையபடி இலை விரித்தது. ஊர் ஆண்கள் வந்து கிணற்றுக்குச் சுவர் எழுப்பினார்கள். ஆனால் அன்று மாலையும் மரம் இலையை மூடியது. அடுத்தடுத்த மாலைகளிலும் மூடியது. மரத்துக்கு ஏதோ நோய் என்று தோட்டக்காரர்கள் பயந்துபோய் அரசனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அரசனே நேரில் வந்து கேட்டான்.

"கிணற்றுக்குத்தான் சுவர் கட்டியாயிற்றே, இன்னும் ஏன் மூடுகிறாய்? சனங்கள் சிரிக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் தூங்கி வழிகிற மரம், தூங்குமூஞ்சி மரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள் தெரியுமா?"

"வைக்கட்டும் அரசே" என்றது மரம். "எந்த மாலையில் எந்தக் குழந்தை என்னடியில் தங்கிப்போகும் என்று எனக்கெப்படித் தெரியும்? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அந்தக் கொலுசு நின்ற பிறகு எனக்கு வந்த நிம்மதி, குடைவேந்தன் என்று நீங்கள் பெயர் வைத்தபோதுகூட வரவில்லை."

அரசன் கீழே பார்த்தான். வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில், பனியும் நிலவும் இறங்கிய ஈரத்தில், ஊசி ஊசியாகப் புல் தலைகாட்டியிருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு அரண்மனைக்குத் திரும்பினான்.

அந்தச் சித்திரை நிலாவிலிருந்துதான், எந்த ஊர்ப் பூங்காவில் நின்றாலும் தூங்குமூஞ்சி மரம் பொழுது சாய்ந்ததும் இலைகளை ஜோடி ஜோடியாகக் கூப்பிக்கொண்டு, தன்னடியில் நிற்கிறவர்களுக்கு வானத்தைத் திறந்துவிடுகிறது.