வாங்கினவர் வீட்டுக் கிளி

ஒரு சித்திரை மாதத்திலே, முந்நூறு வீடு இருந்த ஓர் ஊரிலே, இசக்கியம்மா என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் புருஷன் பலவேசம் பனையேறி. பாளை சீவப் போனவன் ஒருநாள் கால் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டான். கட்டிலிலே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். கஞ்சி கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை, கூழ் கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை, பதநீர் கொடுத்தால் அதைப் பார்த்து அழுதான். இப்படியே விட்டால் ஆள் தங்கமாட்டான் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாட்டு ராஜா கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து விற்கிறவர். ராஜா காலத்திலே ஏது கம்ப்யூட்டர் என்று கேட்கிற பிள்ளைகள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இந்தக் கதையிலே இருந்தது. அவர் செய்ததிலே பேர்போன விளையாட்டு, பனை ஏறுவது. ஏற ஏறப் பனை வளரும், காற்று ஆட்டும், கதண்டு வண்டு கொட்ட வரும், உச்சிக்குப் போனால் கடல் தெரியும். இசக்கி வீட்டிலிருந்த ஒரே ஆட்டை விற்று அதை வாங்கிக்கொண்டு வந்தாள். பலவேசம் விரலாலே ஏறினான். விழுந்தான், ஏறினான், விழுந்தான், ஏறினான், அப்புறம் உச்சியிலே நின்று, "ஏளா, கடல் தெரியுது" என்றான். கீழே விழுந்த நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். அன்றைக்குக் கஞ்சி குடித்தான்.

ஆனால் விளையாட்டோடு ஒரு கிளியையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒருத்தர் வாங்கி ஊரே நகல் எடுத்துவிடுமோ என்று ராஜாவுக்குப் பயம். அதனாலே விளையாட உட்காரும்போதெல்லாம் கிளி ஆளை ஏற இறங்கப் பார்க்கும், அரண்மனைக்குப் பறக்கும், இவன் காசு கொடுத்தவன்தானா என்று கேட்கும், ஆமாம் என்றால் திரும்பி வந்து விளையாட்டு இருக்கிற பெட்டியைத் திறக்கும். இல்லையென்றால், "திருடன், திருடன்" என்று தெருவே கேட்கக் கத்தும்.

பக்கத்து வீட்டுச் சொரிமுத்து வேலைவெட்டிக்குப் போகாத ஆள், ஆனால் கைகாரன். அவன் எங்கேயோ விளையாட்டை மட்டும் நகல் எடுத்துக்கொண்டான். கிளியை நகல் எடுக்க அவனுக்கு என்ன தலையெழுத்து? நினைத்தபோது பனை ஏறினான், நினைத்தபோது இறங்கினான்.

ஐப்பசியிலே அடைமழை பிடித்தது. கிளி நனைந்துபோய் உத்தரத்திலே உட்கார்ந்துகொண்டது, பெட்டி திறக்கவில்லை. மழை விட்டது, புழுக்கம் தாங்காமல் இசக்கி கட்டிலை வேப்பமரத்தடிக்கு மாற்றினாள், இது வேறு வீடு என்று கிளி திறக்கவில்லை. கட்டிலை மறுபடி உள்ளே போட்டாள், கிளி திறந்தது, பலவேசமும் விளையாடி விளையாடி ஒருநாள் தானாக எழுந்து உட்கார்ந்துவிட்டான். எழுந்து உட்கார்ந்தால் அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்று அவள் சாமிக்கு வேண்டியிருந்தாள். வண்டி கட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போய் முடி இறக்கி, சந்தனம் பூசிக் கூட்டிவந்தாள். கிளி அந்தத் தலையைப் பார்த்தது. இது யார் என்றே அதற்குத் தெரியவில்லை. "திருடன், திருடன்" என்று ஆரம்பித்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

பலவேசம் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

இசக்கி அரண்மனைக்கு நடந்தாள். மந்திரி, கிளியைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். கிளிக்குப் பழம் வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றாள். அப்படியானால் முடி வளர்கிறவரைக்கும் காத்திரு என்றார்.

"முடி வளரும் சாமி. ஆளு இருக்கணும்லா?" என்றாள் இசக்கி. மந்திரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தால் சொரிமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். கிளி இல்லாத பெட்டி ஒன்று கையிலே. வாங்கிக்கொள்ளச் சொன்னான். நாங்க காசு குடுத்தவங்க அண்ணாச்சி, எங்களுக்குத் திருட்டுச் சாமான் எதுக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காலையிலே வைத்த கஞ்சி ஆடை கட்டி அப்படியே இருந்தது. திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பலவேசம் கஞ்சி குடித்தான், அவள்தான் குடிக்கவில்லை.

இப்படி இருக்கிறபோது பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்தார். நம்ம ராஜாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சபை நடுவிலே புதுப் பெட்டியை வைத்து உட்கார்ந்தார். கிளி அவரைப் பார்த்தது, உள்ளே போய் விசாரித்தது. தான் செய்த விளையாட்டை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? அவர் வாங்கவில்லை. கிளி கிரீடத்தின்மேல் வந்து உட்கார்ந்து, "திருடன், திருடன்" என்று கத்தியது. வேறு கிளி கொண்டுவந்தார்கள், அதுவும் கத்தியது. இன்னொன்று கொண்டுவந்தார்கள், அதுவும் கத்தியது. விருந்துக்கு வந்த ராஜா இலைக்கு முன்னாலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

விருந்தாளிக்கு விளையாட்டைக் காட்டியாக வேண்டுமே என்று, கிளி இல்லாத பெட்டி நாட்டிலே எங்கே இருக்கிறது எனத் தேடி, மந்திரி இரண்டு ராஜாக்களையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கே வந்துவிட்டார். சொரிமுத்து கொல்லைச் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டான். இசக்கி வீடு திறந்திருந்தது. பலவேசம் பாதிப் பனையிலே இருந்தான். உட்கார நாற்காலி இல்லாததாலே ராஜாக்கள் தரையிலே உட்கார்ந்தார்கள்.

விருந்தாளி ராஜா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே, நல்லா ஓடுதே, உம்ம வீட்டுலதான் ஓடமாட்டேங்குதோ என்றார். ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. இது திருட்டுப் பெட்டிதானே என்று இசக்கியை மிரட்டினார்.

"ஆமா மகாராசா. காசு குடுத்து வாங்கினது அந்தா மூலையில கெடக்கு, அது தெறக்காது. வாங்கினவ வீட்டுலதான் கிளி இருக்கு. திருடினவன் வீட்டுப் பக்கம் அது எட்டிக்கூடப் பாக்கல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தண்டனை உண்டுன்னா குடுங்க. அவரு உச்சிக்குப் போயிரட்டும். பாதியில கூப்பிட்டுறாதிய" என்றாள்.

பலவேசம் ஏறினான், ஏறினான், கதண்டுக்குக் குனிந்து காற்றுக்கு வளைந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். மூலையிலிருந்த கிளி ராஜாவைப் பார்த்துவிட்டு மறுபடியும் தொண்டையைத் திறந்தது. விருந்தாளி ராஜா இந்தத் தடவை எழுந்து வெளியே போய்ச் சிரித்தார். போகிற நாடெல்லாம் அவர் இதையே சொன்னாராம்.

காசு கொடுத்தவரைத் திருடன் என்று சொன்ன ராஜா, நாலு நாட்டிலும் திருட்டு ராஜா ஆனார். நீங்கள் ஏதாவது விற்றால் வாங்கினவரை நம்புங்கள், தூங்குங்கள்.

அடுத்த தை மாதம் ஏழாம் தேதி, அரண்மனைக் கிளிகளையெல்லாம் தோப்பிலே திறந்துவிட்டார்கள்.