பவருக்கு முன்னால் ஒரு சொல்

மலையடிக் காட்டில் ஒரு மடு இருந்தது. கோடை வந்தால் அது ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனாலும் அந்தக் காட்டில் எந்தக் குட்டியும் தாகத்தால் செத்ததில்லை. காரணம் ஒரு காட்டுப்பன்றி.

மடுக்கரையை மூக்கால் கிண்டிக் கிண்டி ஊற்று எடுப்பான். அதனால் அவனுக்குக் கிண்டான் என்று பெயர். ஊற்று வந்ததும் நகர்ந்து நிற்பான். குட்டிகள் முதலில் குடிக்கும். அப்புறம் தாய்கள், அப்புறம் மற்றவர்கள், கடைசியில் கிண்டான். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாசியிலேயே மடு வற்றத் தொடங்கியதும் எல்லா மிருகங்களும் கூடின. முயல்தான் வாயைத் திறந்தது.

"கிண்டாண்ணே, தண்ணி கொஞ்சம்தான் இருக்கு. முறை வச்சுக் குடிச்சாத்தான் ஓடும். மடுவை நீங்களே பார்த்துக்குங்க. பவர் உங்களுக்கு."

காட்டு ஓரத்தில் ஒரு கான்வென்ட் இருந்ததால் அங்கே எல்லோருக்கும் நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். மான் தலையாட்டியது. கீரி தலையாட்டியது. முள்ளம்பன்றி சிலுப்பியும் தலையாட்டினாள். அவளும் கிண்டானும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எட்டாம் நாள் சீட்டி என்கிற மைனா அவன் முதுகில் வந்து உட்கார்ந்தாள். பன்றி சேற்றில் புரண்டால் புழு மேலே வரும், சோம்பிக் கிடந்தால் முதுகில் உண்ணி ஏறும். சீட்டிக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் இவனோ புரளாமல் ஊற்று கிண்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்களுக்கு என்ன பவர் கொடுத்திருக்காங்க?"

"பவர்தான்."

"வெறும் பவரா?" மைனா மூக்கைச் சுளித்தாள். "முன்னால ஒரு சொல் வேண்டாமா? தாளிக்காத சாம்பார் மாதிரி இருக்கே. கான்வென்ட்ல நான் படிச்சவ, எனக்குத் தெரியும். ஃபுல் பவர்னு சொல்லுங்க. சொல்லிப் பாருங்க."

கிண்டான் சொல்லிப் பார்த்தான். வாய் நிறைந்த மாதிரி இருந்தது.

ஃபுல் பவர் உள்ளவன் மூக்கால் மண்ணைத் தோண்டலாமா? மறுநாள் முதல் தோண்டவில்லை. கீரியைத் தோண்டச் சொன்னான். கீரியின் நகத்துக்கு அந்தச் சரளைக்கல் மசியுமா என்ன? அடுத்த வாரம் மைனா 'சுப்ரீம் பவர்' கொண்டுவந்தாள். அன்றிலிருந்து தண்ணீருக்கு வருபவர்கள் முதலில் குனிந்து நிற்கவேண்டும் என்றாகிவிட்டது. மானுக்குக் கொம்பு வேறு, ஒவ்வொரு தடவையும் புதரில் மாட்டிக்கொண்டது. அதற்கும் அடுத்த வாரம் 'ஆப்சல்யூட் பவர்' வந்தது. மடுவே எனக்குத்தான் என்று நடுவில் இறங்கிப் படுத்துவிட்டான். இருந்த தண்ணீர் சேறானது. மைனா புழு பொறுக்கிக் கொழுத்தாள்.

கிண்டான் என்றால் கிண்டமாட்டான் என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் பொருத்தம்தான் என்று சிலுப்பி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பல்லைக் கடிக்கக் காரணம் இருந்தது. வளையில் இரண்டு குட்டிகள். முள் இன்னும் கெட்டிப்படவில்லை. அடுத்த தண்ணீர் இரண்டு மலை தாண்டி. அவற்றால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. சின்னக்குட்டி காலையிலிருந்து ஒரு கூழாங்கல்லை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. இன்னொரு பகலைத் தாங்காது என்று தாய்க்குத் தெரியாதா?

மடுவுக்குப் போனாள்.

"டேய் கிண்டா, எழுந்திரு. கரையில ரெண்டு கிண்டு கிண்டு. குட்டிங்க நாக்கு ஒட்டிக் கிடக்குதுங்க."

கிண்டான் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "சிலுப்பி, நீ பழைய ஆளு. அதுக்காக டேய்னு கூப்பிடலாமா? எனக்கு இப்ப ஆப்சல்யூட் பவர்."

"அதுல தண்ணி வருமா?"

"குனிஞ்சு கேளு, யோசிக்கிறேன்."

"குனிஞ்சா என் முள்ளுதான் முன்னால வரும். பரவாயில்லையா?"

மைனா 'கிக்' என்று சிரித்துவிட்டு, கிண்டான் திரும்பிப் பார்த்ததும் இருமுவதுபோல் நடித்தாள். சிலுப்பி திரும்பிவிட்டாள். உண்ணிச்செடிப் புதரின் நிழலில் உட்கார்ந்தாள். கோபம்தான் வரவேண்டும். வந்தது என்னவோ ஞாபகம்.

அப்போது இருவருக்கும் ஒரு வயதுகூட ஆகவில்லை. கான்வென்டின் பின்பக்கச் சுவரில் ஒரு ஓட்டை. உள்ளே மரவள்ளிப் பாத்தி. அதை ஒட்டி ஒரு வகுப்பறை ஜன்னல். கிண்டான் பாத்தியில் இறங்கிவிடுவான்; சிலுப்பி ஜன்னலடியில் உட்கார்ந்துகொள்வாள். சாக்பீஸ் வாசனையும், யாரோ சீக்கிரமே திறந்துவிட்ட டிபன் டப்பாவின் எலுமிச்சைச் சாத வாசனையும் கலந்து வரும். ஒருநாள் சிஸ்டர் கரும்பலகையில் 'பவர்' என்று எழுதி, முன்னால் கோடு போட்டார். கோட்டில் என்ன சொல் பொருந்தும்? நீலப் பினோஃபார் போட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து ஃபுல், சுப்ரீம், ஆப்சல்யூட் என்றார்கள். கடைசி பெஞ்சுப் பெண் யாரும் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னாள். சிஸ்டர் 'வெரி குட்' சொல்லி, அதற்கு மட்டும் நிறுத்தி அர்த்தம் விளக்கினார். அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது. "பவர் கட், சிஸ்டர்!" என்று வகுப்பே கத்தியது. "அது பின்னால வர்ற சொல்," என்று சிஸ்டரும் சிரித்துவிட்டார்.

கிண்டான் வாயில் கிழங்கோடு வந்தான். மூக்கெல்லாம் செம்மண். கிழங்கை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளினான்.

"உள்ள என்ன சொன்னாங்க?"

"பவர் பத்தி."

"அது திங்கிறதா?"

அந்தக் கிழங்கின் ருசி சிலுப்பியின் நாக்கில் இன்னும் இருந்தது. அப்படிக் கேட்டவன்தான் இப்போது சேற்றில் கிடக்கிறான். அவள் எழுந்தாள். முயலிடம் ஓடினாள். "எல்லாரையும் மடுவுக்குக் கூட்டிட்டு வா. குட்டிங்களையும்."

எல்லோரும் கரையில் வந்து நின்றதும் சிலுப்பி குரலைத் தேனாக்கிக்கொண்டாள்.

"கிண்டா, யோசிச்சுப் பார்த்தேன். மைனா உனக்கு மூணு சொல்லுதான் கொடுத்தா. எல்லாம் பழசு. ஜன்னலடியில வருஷக்கணக்கா இருந்தவ நான். அங்க கடைசியாச் சொன்ன சொல் ஒண்ணு இருக்கு. சிஸ்டரே வெரி குட் சொன்னாங்க."

கிண்டான் இரண்டு கண்ணையும் திறந்தான். "என்னது?"

"நாமினல் பவர்."

மைனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கான்வென்ட் வென்டிலேட்டரில் கூடு கட்டியது உண்மை. ஒரே வாரத்தில் வாட்ச்மேன் துடைப்பத்தால் கலைத்துவிட்டான் என்பதும் உண்மை. அந்த ஒரு வாரத்துப் படிப்பில் இந்தச் சொல் இல்லை.

"சீட்டி, அப்படி ஒண்ணு இருக்கா?" என்றான் கிண்டான்.

தெரியாது என்று சொன்னால் முதுகு போய்விடுமே. "ஓ, நாமினலா? அதைத்தான் நாளைக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். ரொம்ப உசத்தி அண்ணே."

"ஆனா ஒண்ணு," என்றாள் சிலுப்பி. "இதைப் போட்டா பழைய மூணையும் எடுத்துடணும். பக்கத்துல வேற சொல் நின்னா இதுக்கு மரியாதை இல்ல. சபையில உன் வாயாலயே சொல்லணும்."

கிண்டான் எழுந்து நின்றான். சேறு சொட்டியது. "பழசெல்லாம் வேண்டாம். இன்னைலேருந்து எனக்கு நாமினல் பவர்!"

"எல்லாரும் கேட்டீங்களா?" என்றாள் சிலுப்பி. தேன் போய்விட்டது. "நாமினல்னா பேருக்கு மட்டும்னு அர்த்தம். பேரு மட்டும் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. சிஸ்டர் விளக்கினப்போ நீ கிழங்கு தோண்டிக்கிட்டிருந்தே. பேரை நீயே வச்சுக்கோ. மடு எங்களுக்கு."



"அண்ணனுக்கு நாமம் போட்டாச்சு," என்றது முயல். கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "பவர் கட்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். மைனா சத்தமில்லாமல் முதுகைவிட்டுப் பறந்தாள். பயம் போய், எல்லோரும் கிண்டானைத் தாண்டி மடுவில் இறங்கினார்கள்.

சிரிப்பு அங்கேயே நின்றது. மடுவில் சேறுதான் இருந்தது. சின்னக்குட்டி நாக்கை நீட்டி, சேற்றைத் தொட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டது.

சிலுப்பி கிண்டானிடம் போனாள். அவன் தலை தொங்கியிருந்தது.

"அன்னைக்குப் பாத்தியில கிழங்கு தோண்டினியே, அதுக்கு யாருடா உனக்கு பவர் கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல," என்றான் மெதுவாக. "மூக்கு இருந்துச்சு. உனக்குப் பசிச்சுது."

"மூக்கு இன்னும் இருக்கில்ல?"

கிண்டான் கரைக்குப் போனான். ஒரு மாதமாகக் கிண்டாத மூக்கு. முதல் கல்லிலேயே தோல் கிழிந்தது. நிறுத்தவில்லை. சரளையைத் தள்ளினான், களிமண்ணைத் தள்ளினான், கழுத்துவரை குழிக்குள் போனான். ஈர மணல் வந்தது. பிறகு நூல்போலத் தண்ணீர் வந்தது. அது தெளியும்வரை காத்திருந்து, பழையபடி நகர்ந்து நின்றான்.

சின்னக்குட்டி முதலில் குடித்தது. வயிறு உப்பும்வரை குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, பவர்னு சொன்னாங்களே, அது திங்கிறதா?"

சிலுப்பி கிண்டானைப் பார்த்தாள். அவன் மூக்கெல்லாம் மண், அன்றைக்கு இருந்தது போலவே.

"இல்லடா கண்ணு," என்றான் கிண்டான். "நீ குடி."

தன் உழைப்பால் பிறர் தாகம் தீர்ப்பவனின் வலிமைக்கு முன்னால் எந்தச் சொல்லும் தேவையில்லை. சொல்லை முன்னால் நிறுத்தித்தான் காட்டவேண்டும் என்றால் அது வலிமையே இல்லை.