கொத்தனார் வாங்கி வந்த கேள்வி

ரொம்பக் காலத்துக்கு முன்னாலும் இல்லை, ஏழு கடல் தாண்டியும் இல்லை. போன கோடையில், மதுரை மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்தது.

அந்த மாடியில் ஒரு குரு இருந்தார். பெயர் நஸ்ரின். வயது இருபத்தாறு. பகலில் வீடுகளுக்குப் பிளான் போடுவார். சாயங்காலம், கட்டடக்கலை படிக்க நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுப்பார்.

சீடனின் பெயர் தவமணி. வயது முப்பத்து நான்கு. கொத்தனார்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய கையோடு, அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்ததால் கொத்துக்கரண்டியைப் பிடித்தவர். பதினாறு வருஷத்தில் நாற்பத்திரண்டு வீடு. முதல் நாள் அவர் வகுப்புக்கு வந்தபோது, சுவரைப் பூச ஆள் வந்திருக்கிறது என்று பிள்ளைகள் மேசையை நகர்த்தி வழிவிட்டார்கள். அவரும் பழக்கதோஷத்தில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சு உப்பிப் பொருமியிருக்கே டீச்சர்" என்றார்.

அதே கொத்தனார்தான் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டார். அந்த மாடியில் அன்றைக்கு விசில் பறந்தது.

அதற்கப்புறம்தான் சிக்கல். கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லாக் ஆகிவிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

தவமணியின் மார்க்குக்கு ஒத்துவந்தவை இரண்டு. ஒன்று சென்னைக்குப் பக்கத்தில், முழுக்கக் கண்ணாடியில் கட்டிய பெரிய கல்லூரி. இன்னொன்று மேலூர் தாண்டி, ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கல்லூரி. அதன் பெயரைச் சொன்னால் மேலூர்க்காரர்களே யோசிப்பார்கள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சீடன் குருவிடம் கேட்டார்.

"டீச்சர், ரெண்டுல எது நல்ல காலேஜ்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்கண்ணே?"

"என் மச்சினன் கண்ணாடிக் காலேஜைத்தான் போடச் சொல்றான். யூடியூப்லயும் அதைத்தான் சொல்றாங்க."

"உங்களைத்தான் கேட்டேன்."

தவமணி தலையைச் சொறிந்தார். "உள்ளதைச் சொல்றேன் டீச்சர். நாளைக்கே நான் படிச்சு முடிச்சு போர்டு மாட்டினாலும் ஊரு என்னைக் கொத்தனார்னுதான் கூப்பிடும். பெரிய காலேஜ் பேரு கூட இருந்தாத்தான் ஆர்கிடெக்ட்டுனு ஒத்துக்கிருவாங்க. அஞ்சு வருஷம் காளீஸ்வரி தையல் மிஷினை மிதிச்சுக் குடும்பத்தை ஓட்டப் போறா. அது வீணாப் போயிரக் கூடாது."

"நியாயந்தான்."

"நீங்க எங்க படிச்சீங்க டீச்சர்?"

"சொன்னா அதையும் போட்டுருவீங்க. சொல்ல மாட்டேன்."

"அப்ப என்னதான் பண்றது?"

நஸ்ரின் பென்சிலைச் சீவினார். "ரெண்டு இடத்துக்கும் போய்ட்டு வாங்க. ஒவ்வொரு இடத்துலயும் ஒரே ஒரு சாமான் வாங்கிட்டு வரணும்."

"சொல்லுங்க."

"ஒரு கேள்வி."

"நான் கேக்க வேண்டிய கேள்வியா?"

"இல்லண்ணே. அவங்க உங்களைக் கேக்கணும். பதிலெல்லாம் வேண்டாம். அது கூடை கூடையாக் கொடுப்பாங்க. அங்கேயே போட்டுட்டு வந்துருங்க."

கொத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மேஸ்திரி சொன்னால் காரணம் கேட்காமல் கல்லை எடுத்து வைத்துப் பழகிய உடம்பு. கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை கண்ணாடிக் கல்லூரி. வாசலில் கதவு தானாகத் திறந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கோட்டுப் போட்ட ஒரு தம்பி ஓடி வந்து, ஆரஞ்சு ஜூஸ் கொடுத்து, சோபாவில் உட்கார வைத்தான். நல்ல பிள்ளை. சிரித்த முகம்.

"எங்க லைப்ரரியில பதினெட்டாயிரம் புக் இருக்கு சார். ஹாஸ்டல் ஏசி. போன வருஷம் எல்லாருக்கும் வேலை. வெளிநாட்டு டூர் உண்டு. வீட்டை அப்படியே பிரிண்ட் பண்ற மெஷின் இருக்கு."

"வீட்டையேவா?"

"சின்ன சைஸ்ல சார்."

தவமணி மூன்று மாடி ஏறி இறங்கினார். ஒவ்வொரு அறையிலும் ஒரு பதில் தயாராகக் காத்திருந்தது. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொத்தனார் என்று தெரிந்த பின்னும், "சூப்பர் சார், இன்ஸ்பிரேஷன் சார்" என்று கை கொடுத்தார்கள். கிளம்பும்போதுதான் அந்தத் தம்பி கேட்டான்.

"வேற ஏதாவது கேள்வி இருக்கா சார்?"

அப்பாடா, ஒன்று கிடைத்தது என்று தவமணி அதைப் பத்திரமாக மனசில் முடிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஓட்டுக் கல்லூரி. பஸ்ஸை விட்டு இறங்கி அரை மைல் நடக்க வேண்டியிருந்தது. ஆபீஸில் ஆளில்லை. "சாப்பிடப் போயிருக்கிறோம்" என்று ஒரு சிலேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதவில்லை.

எங்கேயோ சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் நடந்தார். நீளமான கூடம். அட்டையில் செய்த வீடுகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் ரப்பர் செருப்புப் போட்ட ஒரு வாத்தியார். ஒவ்வொரு வீடாக எடுத்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தவமணி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அய்யய்ய… அந்தப் படிக்கட்டுல ஏறுனா மண்டை உடைஞ்சிரும்!"

கூடம் திரும்பிப் பார்த்தது.

"யாருங்க?" என்றார் வாத்தியார்.

"நான் கொத்தனாருங்க. அந்தா, எட்டாவது படிக்கு மேல பீம் குறுக்க வருது பாருங்க. குட்டையா இருக்கவுக தப்பிச்சிருவாக. மாப்பிள்ளை நெட்டையா வந்தா, முத நாளே தலையில கட்டுத்தான்."

வாத்தியார் ஒரு பென்சிலைப் படியில் நிறுத்திப் பார்த்தார். பென்சில் பீமில் இடித்தது. கூடமே கெக்கலித்தது. அந்த வீட்டைச் செய்த பிருந்தா என்ற பெண் மட்டும் நகத்தைக் கடித்தாள்.

"ஜன்னல்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார் வாத்தியார்.

உள்ளே போன கொத்தனாருக்கு ராஜ மரியாதை. செங்கல்லை ஏன் நனைக்க வேண்டும், சன்ஷேடு ஏன் ஒழுகுகிறது என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் டீ வாங்கி வந்தான். தவமணிக்குத் தரையில் கால் பாவவில்லை. படிக்க வந்த இடத்தில் பாடமே நடத்தியாகிவிட்டது!

அப்போதுதான் பிருந்தா கேட்டாள்.

"அண்ணா, நீங்க கட்டுன வீட்டுல என்னைக்காவது ஒரு நாள் இருந்து பாத்திருக்கீங்களா?"

"எத்தனையோ நாள் இருந்திருக்கேன் பாப்பா. சிமெண்ட் மூட்டை மேலயே தூங்கியிருக்கேன்."

"அது கட்டும்போது. ஆளுக குடிவந்த பிறகு?"

தவமணி விரலை மடக்கி ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தார்.

கிரகப்பிரவேசத்தன்று கொத்தனாருக்கு வேட்டி துண்டு கொடுப்பார்கள். முதல் பந்தியில் உட்கார வைத்துப் பாயசம் ஊற்றுவார்கள். அத்தோடு சரி. அந்த வாசலை அவன் மறுபடி மிதிப்பதில்லை. பால் காய்ச்சின வீட்டுக்குள் கொத்தனார் நுழைந்தால், எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

நாற்பத்திரண்டு வீடு. ஒன்றில்கூட, ஆள் குடியிருக்கும்போது அவர் அரை மணி நேரம் உட்கார்ந்ததில்லை.

"இல்லையே பாப்பா" என்றார்.

"அப்பறம் எப்படிண்ணா அது நல்ல வீடுன்னு தெரியும்?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் சுருக்கென்றது.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கேள்வி அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. ஒத்தக்கடை வந்ததும் பொறுக்க முடியாமல் இறங்கிவிட்டார். நாலு வருஷத்துக்கு முன் நர்ஸ் வனஜாவுக்கு அங்கே ஒரு வீடு கட்டியிருந்தார்.

வனஜா கதவைத் திறந்து திடுக்கிட்டார். "என்ன கொத்தனாரே! எங்க ஒழுகுது?"

"எங்கயும் ஒழுகலக்கா. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகலாமான்னு…"

"எங்க உக்காரணும்?"

"வீட்டுலதான். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் சும்மா இருக்கேன்."

வனஜா மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தார். "தண்ணி கிண்ணி போட்டிருக்கீங்களா?"

"டீதான் போட்டிருக்கேன், அதுவும் காலேஜுல."

உள்ளே விட்டார். பெரிய ஹால். பிளானில் அதுதான் ராஜா. தவமணி பார்த்துப் பார்த்துத் தேய்த்த தரை. ஆனால் சோபாவில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஜன்னலுக்கு மேல் காலண்டரைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள்.

"ஏங்க்கா ஜன்னலை மூடிட்டீங்க?"

"திறந்தா எதிர்வீட்டுப் பாத்ரூம் தெரியுது கொத்தனாரே. அவரு பாட்டுப் பாடுறாரு வேற."

"வீட்டுல எல்லாரும் எங்க?"

"பின்னாடி."

சமையலறைக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு நடை. மொத்தக் குடும்பமும் அங்கேதான் இருந்தது. பையன் வாசல்படியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காற்று சிலுசிலுவென்று வந்தது.

தவமணிக்கு அந்த இடத்தை நன்றாக ஞாபகம் இருந்தது. "வீணாப் போற இடம்க்கா, அடைச்சு ஹாலோட சேத்துருவோம்" என்று ஒரு வாரம் சண்டை போட்டவர் அவர்தான். வனஜா துணி உலர்த்த வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றதால் தப்பித்த நாலடி அது.

ஓரமாக உட்கார்ந்தார். வனஜா அவர் கையிலும் நாலு வெங்காயத்தைக் கொடுத்தார்.

புதன்கிழமை நாலு மணிக்கு சீடன் மாடி ஏறினார். நஸ்ரின் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. சாமான் வந்துச்சா?"

"வந்துச்சு டீச்சர்."

"கண்ணாடிக் காலேஜ்ல என்ன கேட்டாங்க?"

"'வேற ஏதாவது கேள்வி இருக்கா சார்'னு கேட்டாங்க."

நஸ்ரினுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துச் சரியான பிறகு, "ஓட்டுக் காலேஜ்ல?" என்றார்.

தவமணி எல்லாவற்றையும் சொன்னார். படிக்கட்டு, பிருந்தா, காலண்டர் ஜன்னல், நாலடி நடை, வெங்காயம். சொல்லும்போது கை காற்றில் சுவரை எழுப்பிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் கிடைச்சுதாண்ணே?"

"ஒரு வீட்டுக்கு ஏதோ கொஞ்சம். இன்னும் நாப்பத்தியொரு வீடு கிடக்கு. காலையில ஒரு வீட்டுக்குப் போனேன், நாயை அவுத்து விட்டுட்டாங்க."

குரு சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மணி நாலு ஐம்பது.

தவமணி மவுஸைப் பிடித்தார்.

"மனசு ஒரு பக்கம் இழுக்குது டீச்சர். ஆனா அந்தப் பேரு… நாளைக்கு நாலு பேரு கேப்பாங்களே, எங்க படிச்சேன்னு."

"வனஜாக்கா வீட்டுக்கு யாரு பிளான் போட்டது?"

"யாரோ சென்னையில பெரிய ஆர்கிடெக்ட்டுன்னாங்க."

"எந்தக் காலேஜ்ல படிச்சவராம்?"

"அதை யாரும் கேக்கலையே."

"அவரு கூடவா?"

"எவரு?"

"ஹால்ல இருந்து எந்திரிச்சுப் போயி நடையில வெங்காயம் உரிக்கிறாரே, அவரு."

தவமணி ஓட்டுக் கல்லூரியின் பெயரைத் தேடிப் பிடித்து வரிசையில் முதலாவதாக வைத்தார். லாக் பண்ணினார். இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டு, பெரிதாக மூச்சுவிட்டார்.

நஸ்ரின் கடைசி பஜ்ஜியை அவர் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், காலேஜ் என்னைக்குத் திறக்குறாங்க?"

"மத்த பிள்ளைகளுக்கு ஆகஸ்ட்லண்ணே. உங்களுக்குத்தான் நேத்தே திறந்தாச்சே."