மீசைக்கு ஒரு போர்

ஆற்றுத்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "மீசைன்னா அக்கரை ராஜா மீசைதான்டி" என்றது, பல்லக்கில் போன இக்கரை ராஜாவின் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு வயிறு எரிந்தது. முரசறையும் செங்கோடனைக் கூப்பிட்டார்.

"அக்கரையில ஒரு வீடு, ஒரு பயிர் மிஞ்சக் கூடாது. போருன்னு அறைஞ்சிட்டு வா."

செங்கோடனின் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தது அக்கரையில்தான்.

"உத்தரவு மகாராஜா. காரணத்தையும் சேர்த்து அறையிறது நம்ம வழக்கமாச்சே. என்னன்னு சொல்ல?"

ராஜா தொண்டையைச் செருமினார். "மீசை."

"மீசைக்குச் சண்டைன்னா மீசையோட நிறுத்திக்கலாமே. ஊரையே எரிச்சிட்டா, உங்க மீசைதான் பெரிசுன்னு ஒத்துக்க அங்க யாரு இருப்பா?"

ராஜா வெகுநேரம் தன் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு விளக்கெண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.