ஏரிக்கரையில் வாசித்த ஏடு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, செங்கழனி நாட்டைக் கனகமுடி என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான், ஆனால் காலையில் வெல்லம், மாலையில் மிளகாய். கடைசியாகக் காதில் ஓதியவர் சொன்னதே அவருக்குச் சட்டம். பெரும்பாலும் ஓதியவர் களஞ்சிய அதிகாரி அம்பலக்கூத்தர்.

இரண்டு வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு மழை கொட்டியது. விதைக்கத்தான் யாரிடமும் நெல் இல்லை. ராஜா மனமிரங்கி, "உழவர்களுக்குக் காணிக்கு ஒரு கலம் விதைநெல் இனாம்!" என்றார். அம்பலக்கூத்தர் பெயர்களை எழுதினார், நெல்லை அளந்தார், ஏட்டைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூட்டிவிட்டார்.

பத்தாம் நாள் சடைச்சி என்ற உழவுக்காரி சபையில் வந்து நின்றாள்.

"மகாராசா, எனக்கு ரெண்டு காணி நிலம். ஒரு மணி நெல்லு வரல. ஆறு நாள்ல ஈரம் காஞ்சிரும். அப்புறம் இந்த வருசமும் எங்க வீட்ல அடுப்பெரியாது."

"எல்லாருக்கும் கொடுத்தாயிற்று பிரபு," என்று அம்பலக்கூத்தர் குழைந்தார். "இவள் இரண்டாம் தடவை வாங்கப் பார்க்கிறாள்."

"அப்ப ஏட்டைப் படிங்கய்யா!"

"அரசாங்க ஏட்டை ஊர் முன்னால் விரிப்பதா? இனாம் வாங்கிய உழவர் மானம் என்னாவது?"

ராஜாவுக்கு அது சரியாகவே பட்டது. "பெண்ணே, நீ சொன்னது பொய்யென்றால் உன் இரண்டு காணியும் அரண்மனைக்கு!"

மந்திரி வில்லவராயர் மெல்ல எழுந்தார். "களஞ்சியத்தாரே, ஒன்றே ஒன்று. ஏட்டிலுள்ளவர் எல்லாரும் உண்மையான உழவர்தானே?"

"முந்நூறு பேருக்கும் நானே பிணை!" என்று மார்தட்டினார் அம்பலக்கூத்தர்.

"நல்லது. பிரபு, தங்கள் பாட்டனார் காலத்து வழக்கம் ஒன்று உண்டே! அரசாங்க விதை வாங்கியவர், விதைக்குமுன் ஏரிக்கரைக்குப் பத்துக் கூடை மண் சுமக்கவேண்டும். வராதவர் பங்கைப் பிணை நின்றவர் சுமக்கவேண்டும். நாளைக்கே வைத்துக்கொள்ளலாமா?"

"ஆகா! எனக்கும் ஏரியைப் பார்த்து நாளாயிற்று!"

"பிரபு, ஏட்டு ரகசியம்..." அம்பலக்கூத்தருக்கு வியர்த்தது.

"பெயரைச் சொல்லாமல் ஆளை எப்படியய்யா கூப்பிடுவது?" என்று ராஜா கையை நீட்டினார். அப்போதே ஏடு அவர் மடிக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஊரே கரையில் கூடியது. தண்டோராக்காரன் முரசைத் தட்டி ஏட்டை வாசித்தான்.

"மாடக்கோன், மூன்று காணி!"

"வந்தேனுங்க!"

"உலகப்பன், ஐந்து காணி!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அவரு செத்து ஏழு வருசமாச்சே! கருமாதிச் சோறு நானே தின்னேன்!"

"குப்பண்ணன், எட்டுக் காணி!"

"களஞ்சியத்தாரோட மச்சினரு! அவருக்கு ஏதய்யா நிலம்?"

"செங்கமலம், பன்னிரண்டு காணி!"

ராஜா துள்ளி எழுந்தார். "செங்கமலமா? அது என் பட்டத்து யானையல்லவா! போன வருஷம் நானே அழுது புதைத்தேன்! என் யானை எப்போதய்யா ஏர் உழுதது?"

கரை முழுக்கச் சிரிப்பு. ஏடு முடிந்தபோது வந்தவர் நூற்றுப் பத்துப் பேர். சடைச்சி பெயர் அதில் இல்லவே இல்லை.

"மிச்சம் நூற்றுத் தொண்ணூறு பேர், ஆயிரத்துத் தொள்ளாயிரம் கூடை," என்றார் மந்திரி. "யானைக்கும் பத்தே போதும், களஞ்சியத்தாரே!"

மூன்றாவது கூடையிலேயே அம்பலக்கூத்தர் மண்ணில் உட்கார்ந்து, நெல்லெல்லாம் தன் வீட்டுக் குதிரில் இருப்பதாக அழுதார். மதியத்துக்குள் மூட்டைகள் கரைக்கு வந்தன. ராஜா மந்திரி தோளில் தன் சால்வையைப் போர்த்தினார்.

"இனிமேல் முரசடித்து ஏட்டை வாசித்த பிறகுதான் களஞ்சியம் திறக்கும். சடைச்சி, என்னை மன்னித்து உன் நெல்லை எடுத்துக்கொள்."

"நெல்லு இருக்கட்டும் மகாராசா. மொதல்ல என் பேரை ஊரு கேக்கக் கூப்பிடச் சொல்லுங்க."

முரசு அதிர்ந்தது. "சடைச்சி, இரண்டு காணி!"

"இருக்கேன்!" என்று கத்திக் கூடையைத் தலையில் ஏற்றினாள். அவள் பத்தாவது கூடையைக் கொட்டியபோது, அம்பலக்கூத்தர் நான்காவதைத் தூக்கிக்கொண்டிருந்தார்.